பெரிய பெட்டி, சின்னப் பெட்டி

பேராசைக்காரியா? யாரு, பெரியவளா? நீ ஒருத்திதான் பாக்கி, நீயும் சொல்லிட்ட. இரு, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

அந்த அக்கா தங்கச்சியோட அப்பா ரேடியோ நிலையத்துல ஒலிப்பதிவுக்காரர். பொண்டாட்டி நாலு தடவ கூப்பிட்டாலும் காதுல விழாது. ஸ்பீக்கர்ல இத்தனூண்டு இரைச்சல் வந்தா மட்டும் தூக்கத்துல இருந்து எழுந்து உக்காருவாரு. அவரு தம்பி இன்னும் மோசம், தன் கல்யாணத்தன்னிக்கே மைக் செட்டு சரியில்லன்னு மேடைய விட்டு எறங்கினவரு. சரி, அது வேற கதை.

வீட்டுல ரெண்டு ஜோடி ஸ்பீக்கர். ரெண்டுமே அந்தக் காலத்து இங்கிலாந்து பாணி. ஒரு ஜோடி இடுப்பு உசரம், தேக்கு நிறம், ராஜா மாதிரி நிக்கும். இன்னொண்ணு செருப்புப் பெட்டிய நிமித்தி வச்ச மாதிரி.

அந்தப் பாணிக்காரங்க ஸ்பீக்கரைச் சோதிக்க மொதல்ல பாட்டுப் போட மாட்டாங்களாம். ஒரு ஆளைத் திரைக்குப் பின்னாடி பேச வச்சு, அதையே பதிவு பண்ணிப் பெட்டியிலயும் போடுவாங்களாம். எது ஆளு, எது பெட்டின்னு தெரியாம நாம முழிச்சா, அதான் நல்ல பெட்டி. இவரு திரைக்குப் பின்னாடி உக்கார வச்சது பொண்டாட்டிய.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இன்னும் எவ்வளவு நேரங்க? அடுப்புல பால் இருக்கு. சின்னக்குட்டி முழிச்சுட்டா, விடுங்க!"

டேப்புல அவ்வளவுதான். சின்னக்குட்டிங்கறது நம்ம சின்னவ. அவளுக்கு ஒரு வயசு முடியறதுக்குள்ள அம்மா போய்ச் சேந்துட்டா. பெரியவளுக்கு அப்போ பத்து வயசு. அதுக்கப்புறம் அப்பா அந்த டேப்பைப் போடவே இல்ல.

அவரும் போனப்புறம், வீட்டைக் காலி பண்ண வந்தப்போதான் அது பீரோ மேல கிடைச்சுது. மத்த சாமானெல்லாம் பேச்சில்லாம பிரிஞ்சுது. ஸ்பீக்கர்லதான் முட்டிக்கிச்சு.

"இந்த டேப்பைப் போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கலாம்"னா பெரியவ.

மொதல்ல பெரிய பெட்டி. குரல் கணீர்னு வீடு முழுக்க நெறஞ்சுது. சின்னவ பெட்டிகிட்டயே போய் நின்னா.

"அம்மாவுக்கு இவ்வளவு கம்பீரமான குரலாக்கா?"

பெரியவ சின்னப் பெட்டிக்கு வயரை மாத்தினா. "ஒண்ணு, ரெண்டு"ன்னு வந்ததுதான் தாமசம், எழுந்து பக்கத்து ரூமுக்குள்ள போயிட்டா. அப்புறம் குழாய்ச் சத்தம். மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே வந்து, "ஒரே தூசி"ன்னா.

"பெரிசு எனக்கு. சின்னதையும் டேப்பையும் நீ எடுத்துக்கோ."

"எனக்கும் பெரிசுதான்க்கா பிடிச்சிருக்கு."

"மூத்தவ நான். மொதல்ல நான்தான் எடுப்பேன்."

சாமான் பிரிக்கக் கூட வந்திருந்த அத்தைக்காரி சும்மா இருப்பாளா? "தாயில்லாப் புள்ளையத் தாய் மாதிரி வளத்தான்னு பேரு! பெட்டியக் கண்டதும் புத்தி போற போக்கப் பாரு!"

சின்னவ தன் வீட்டுல அந்தச் சின்னப் பெட்டிய அலமாரிக்குள்ள திணிச்சுப் பாட்டுப் போட்டா.

"என்னம்மா இது, கொசு பாடுற மாதிரி இருக்கு?"ன்னாரு அவ வீட்டுக்காரரு.

ஒரு துணியப் போட்டு மூடிட்டா. டேப்பைப் போட மனசே வரல. அம்மாவ அந்த ஒல்லிக் குரல்ல கேக்கவா? பாத்திரம் கழுவுறப்பவும், பஸ்ல நிக்கிறப்பவும் காதுக்குள்ள அந்தக் கணீர்க் குரல்தான். சின்னக்குட்டி முழிச்சுட்டா, சின்னக்குட்டி முழிச்சுட்டா.

எவ்வளவு நாள்தான் தாங்குவா? வீம்பைத் தூக்கித் தூரப் போட்டுட்டு, டேப்பைக் கைப்பையில வச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனா. ஒரே ஒரு தடவ பெரிசுல கேட்டுட்டு வந்துடலாம்னு.

போனா, ரெண்டு பெரிய பெட்டியும் மூலையில நிக்குது. தலையில ஆளுக்கொரு பூந்தொட்டி. வயர்கூட மாட்டல.

"இதுக்குத்தானாக்கா எங்கிட்ட இருந்து புடுங்கின?"

பெரியவ ஒரு தொட்டியக் கீழ எறக்கி வச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா. "அதுல பேசுறது அம்மா இல்லடி. யாரு பேசினாலும் அது ஊதிப் பெருக்கித்தான் காட்டும், குடத்துக்குள்ள பேசுற மாதிரி. அம்மாவுக்குச் சன்னக் குரல். பேச்சுக்கு நடுவுல லேசா மூச்சு வாங்கும். சின்னப் பெட்டியில அந்த மூச்சுகூட வந்துச்சு. அன்னிக்கு நான் பக்கத்து ரூமுக்கு எதுக்கு ஓடினேன்னு நெனச்ச?"

"தூசின்ன..."

"அம்மா அங்க உக்காந்திருக்காளான்னு பாக்கடி."

"அப்ப அதையே நீ எடுத்திருக்கலாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'நீயே வச்சுக்கோக்கா'ன்னுருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு? நான் பத்து வருசம் அம்மாவக் கேட்டவ. உனக்கு அந்தப் பெட்டிய விட்டா வேற அம்மா ஏதுடி?"

சின்னவ அக்கா கையப் புடிச்சு, கட்டியிருந்த சேலையோட தன் வீட்டுக்கு இழுத்துட்டு வந்தா. துணிய உருவி, பெட்டிங்கள ரெண்டு முக்காலி மேல ஏத்தி, சுவத்த விட்டுத் தள்ளி வச்சாங்க. எதிர்ல, சரியா நடுவுல, ஒரே ஒரு நாற்காலி. ரெண்டு பெட்டிக் குரலும் ஒண்ணாச் சேந்து விழுற இடம்னு அப்பா போடுற கணக்கு அது. அங்க ஒருத்தர்தான் உக்கார முடியும்.

"உக்காருடி."

"நீ உக்காருக்கா."

"உனக்குன்னுதானே குடுத்தேன்?"

சின்னவ நாற்காலியத் தூக்கி ஓரமா வச்சா. வாசப் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தா.

"ஏங்க, வெளியில கிடக்கிற அந்த பெஞ்சை உள்ள கொண்டு வாங்க!"