துணைக்கு வந்தவள்

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூட வந்தாத்தான் போவேன்."

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பின் இரு முனைகளைப் பிடித்தபடி முனகினாள் தொட்டாச்சிணுங்கி. எதிர்முனைகளைப் பிடித்திருந்த மேஸ்திரியம்மா சிரித்தாள். இரண்டுமே கூட வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர்கள். ஒருத்தி யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடுவாள். இன்னொருத்தி, இந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாமல், சூப்பர்வைசரைத் தமிழிலேயே அதட்டுவாள்.

"எங்கடி போகணும்? போன்ல ஒரு பொம்பளை நம்ம தமிழ்லயே பேசி அனுப்புறாளே, மார்புப் பரிசோதனைன்னு... அதுக்கா?"

"ஆமாக்கா. நாப்பது தாண்டினா எடுத்துக்கணுமாம். ஒண்ணாம் நம்பரை அமுக்கினா அவங்களே நாள் குறிச்சுத் தர்றாங்க. தமிழ் பேசுற நர்சும் இருப்பாங்களாம்."

"எனக்கும்தான் வருது. வந்த வேகத்துல அழிச்சுடுவேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கெதுக்கு?"

"உங்களுக்கில்லக்கா, எனக்கு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு."

"சரி சரி, மூக்கைச் சிந்தாதே. வர்றேன்."

வியாழக்கிழமை வேலை முடிந்து இருவரும் பஸ் பிடித்தார்கள். மருத்துவமனைக் கவுன்ட்டரில் தொட்டாச்சிணுங்கி தன் போனை நீட்டினாள். அங்கிருந்த பெண் பார்த்துவிட்டு நாற்காலிகளைக் காட்டினாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. "வாங்கம்மா" என்றாள் நர்ஸ், தமிழில்.

தொட்டாச்சிணுங்கி தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னால முடியாது. வீட்டுக்கே போயிடலாம்."

"அடியே! இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பவா?"

"உள்ளே என்ன பண்ணுவாங்களோ... நீங்க எடுத்துட்டு வந்து சொன்னா அப்புறம் போறேன்."

"நல்லா மாட்டினேன்டி உன்கிட்ட!" மேஸ்திரியம்மா நர்சைப் பார்த்தாள். "நான் முதல்ல எடுத்துக்கலாமா?"

"தாராளமா" என்று சிரித்தாள் நர்ஸ்.

உள்ளே இயந்திரத்தின் தட்டு சில்லென்று பட்டதும் மேஸ்திரியம்மாவுக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெளியே ஒருத்தி தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாளே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வெற்றி. "இவ்வளவுதான்டி! கொஞ்சம் அழுத்துது. ரெண்டு தடவை மூச்சைப் பிடிக்கச் சொல்றாங்க, அதுக்குள்ள முடிஞ்சுடுது. எழுந்திரு, உன் முறை."

தொட்டாச்சிணுங்கி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னடி பயம்? கதவுகிட்டயே நிக்கறேன், போ."

"இன்னைக்கு நாள் வாங்கினது உங்க பேர்லதான்க்கா" என்றாள் அவள். குரலில் துளி நடுக்கமில்லை. "எனக்குப் போன மாசமே எடுத்தாச்சு, தனியாத்தான் வந்தேன். ஆரம்பத்துலயே பாத்துட்டதால காப்பாத்திடலாம்னு சொல்றாங்க... திங்கட்கிழமை ஆபரேஷன்."