முப்பத்தாறாவது உறை

உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் அறிவுமதி. உள்ளே இருப்பது தெரியவில்லை.

தெரியாதுதான். போன மாதமே எல்லா உறைக்குள்ளும் சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாளை வைத்து ஒட்டச் சொல்லி, புள்ளியியல் துறையில் கொடுத்து வாங்கியிருந்தாள்.

அப்படியும் எண்கள் ஒழுங்குக்கு வரவில்லை.

அறுவை சிகிச்சை மேற்படிப்பில் அவளுக்கு இது கடைசி வருடம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பிரஸ் மெஷினில் விரல் நுனியை விட்டவர்கள்தான் அவள் ஆய்வு.

அதற்கு இரண்டு வைத்தியம். எலும்பைக் கொஞ்சம் குறைத்துத் தைத்துவிட்டால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், விரல் குட்டையாகிவிடும். பக்கத்து விரலின் சதையால் மூடினால் நீளம் தங்கும். ஆனால் இரண்டு விரலையும் சேர்த்துத் தைத்து, மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

எது மேல் என்று அறிய வேண்டுமானால் டாக்டரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நோயாளியும் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேஜையில் படுத்த பிறகு அடுத்த உறையைப் பிரிப்பார்கள். 'குறை' என்றிருக்கும், அல்லது 'ஒட்டு' என்றிருக்கும். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும்.

இரண்டும் சமமாக வருவதற்காக, வகுப்பில் சொல்லித்தந்தபடி உறைகளை நான்கு நான்காகக் கட்டியிருந்தது. நான்கில் இரண்டு குறை, இரண்டு ஒட்டு. முன்பின் மட்டும் கலைந்திருக்கும்.

முப்பத்தைந்து உறை பிரித்தாயிற்று. இருபத்தைந்து வயதுக்குள் பதினான்கு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒட்டு.

நேற்று பேராசிரியர் ஜீவானந்தம் அந்தத் தாளை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"இது தானா விழுந்த நம்பர் இல்லம்மா. யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபுடி. இல்லன்னா ஆய்வு செல்லாது, இந்த வருஷம் பரீட்சையும் கிடையாது."

பாவம், ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. உறைப் பெட்டியின் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. தியேட்டர் சிஸ்டர் லூர்தம்மாள். பெயர் கூப்பிடுவதும் அவர்தான். பட்டியலில் ஒரு வரிசை இருக்கும், உள்ளே வேறு வரிசையில் அனுப்புவார். 'அவங்களுக்குள்ள பேசிகினு வராங்க டாக்டர்' என்பார்.

யார் முதலில் வந்தால் என்ன, முடிவு செய்வது உறைதானே என்று அறிவுமதி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்று சாவியை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். பட்டியலும் அவள் கையில்தான்.

"இன்னா டாக்டர், காலைலேர்ந்து என்னியே பாத்துகினு கீறீங்க? கண்ணாலயே எக்ஸ்ரே எடுக்கறீங்களா?"

லூர்தம்மாளைத் தாண்டி அறிவுமதி உறையோடு வெளியே வந்தாள்.

தியேட்டர் வாசல் பெஞ்சில் இரண்டே பேர். முதல் பெயர் பூமாரி. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், வயது பத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான். கட்டுப்போட்ட ஆள்காட்டி விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தாள். அடுத்தவர் வடக்குப்பட்டுக் கண்ணப்பன், ஐம்பத்தாறு வயது. இருவரையும் கடித்தது ஒரே மாதிரி மெஷின்.

அறிவுமதி வாய் திறப்பதற்குள் கண்ணப்பன் எழுந்துவிட்டார்.

"நான் மொதல்ல போய் வந்துர்றேன் டாக்டரம்மா. பொண்ணு பயந்துகினு கீது."

"எனக்கென்ன பயம்? நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

"இன்னா உக்கார்றது? பசி உயிர் போவுது. சீக்கிரம் போனா சீக்கிரம் இட்லி."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தார். பெஞ்சுக்குப் பின்னால் சுவரில், நல்ல கையால் ஒரு கோடு போட்டார். குட்டைக் கோடு.

அந்தச் சுவரில் கிறுக்கல் இருப்பது அறிவுமதிக்கும் தெரியும். உட்கார்ந்து அலுத்தவர்கள் எதையாவது கீறுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

இப்போதுதான் அதைப் படித்தாள்.

வரிசைக்கு நான்கு கோடு. இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. எல்லா வரிசையும் அப்படித்தான். கோடுகள் பல கைகள் போட்டவை. சில நேராக நின்றன. சில இடது கையால் போட்டதுபோல் கோணின. எட்டு வரிசை முழுசாக முடிந்திருந்தது. ஒன்பதாவதில் நெட்டை, குட்டை, நெட்டை. இப்போது கண்ணப்பன் போட்ட குட்டை.

உள்ளே போனவர் ஒற்றை விரல் கட்டோடு திரும்பினாரா, இரட்டை விரல் கட்டோடு திரும்பினாரா என்று வெளியே இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெட்டிக்கு எத்தனை சரக்கு, எதில் பிசகு என்று கம்பெனி லைனில் நின்று பார்த்துப் பழகிய கண்கள். வெள்ளித்தாள் அவர்களை என்ன செய்யும், சொல்லுங்கள்.

கண்ணப்பன் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்ப்பதையும் பார்த்தார். பென்சிலை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். பூமாரி மட்டும் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அறிவுமதியின் கையில் முப்பத்தாறாவது உறை. பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது அவளுக்கும் தெரியும்.

பட்டியலை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"கண்ணப்பன்," என்று கூப்பிட்டாள்.