கோமியா காதில் பஞ்சு

கோமியாவின் காதில் பஞ்சு இருந்தது.

இசோகாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். சந்தேகமே இல்லை. இரண்டு காதிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சு.

வேறு எங்காவது என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். ஜப்பானின் சென்டாய் நகரத்தில் மீன்கடைக்கு அடியில் இருக்கும் இசோகாயின் இந்தக் காபிக் கடைக்கு ஜனங்கள் வருவதே ஜாஸ் கேட்கத்தான். அதிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் புது இசைத்தட்டு. சிகாகோ, ஆஸ்லோ என்று எங்கிருந்தோ வந்து இறங்கிய, தாளமும் மெட்டும் கட்டறுத்துக்கொண்டு ஓடுகிற ஃப்ரீ ஜாஸ். இல்லாவிட்டால் எதை எதோடு கலந்தார்கள் என்றே புரியாத ஃபியூஷன். உறையைப் பிரித்து, இசோகாய் தன் கையாலேயே முள்ளை வைப்பார்.

கடைக்குள் பேசக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம். காபி வேண்டுமானால்கூடப் பட்டியலில் விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

"என்ன மாஸ்டர், அலமாரி சரிஞ்சு விழுந்துடுச்சா?" என்று மேலே மீன்கடைக்காரன் தெருவே அதிரும்படி கேலி செய்வான். செய்யட்டும், அவனுக்கு என்ன தெரியும்?

ஆனால் கோமியாவுக்குத் தெரியுமே. டாக்ஸி ஓட்டுகிறவர். நல்ல சவாரி நேரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்காருகிறவர். அவரா இப்படி?

தோளைத் தட்டி, படிக்கட்டுக்கு அழைத்துப் போனார் இசோகாய்.

"காதுல என்ன அது?"

கோமியா அவசரமாகப் பஞ்சைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல மாஸ்டர்!"

வழக்கம்போலத் தொண்டை கிழிகிற கத்தல். இந்தக் கண்டபடி அலறும் சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டு மனுஷனுக்குக் காது மந்தமாகிவிட்டது, பாவம், என்று இசோகாய் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

"பிடிக்கலைன்னா வராம இருந்திருக்கலாமே, கோமியா-சான். உங்களை யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?"

"பிடிக்குது மாஸ்டர்."

"பிடிச்சவன் காதை அடைச்சுக்குவானா? அந்த சாக்ஸபோன்காரன் உயிரை விட்டு ஊதறான். நீங்க பஞ்சை வச்சுக்கிட்டுத் தலையை வேற ஆட்டறீங்க. யாருக்காக இந்த நடிப்பு?"

கோமியா இடுப்பு வரைக்கும் குனிந்தார். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு கேக்கல. காரணம் கேக்கறேன்."

"தப்பு என்னோடதுதான்."

"சரி. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கோமியாவின் முகம் வாடிப்போயிற்று. படியில் அப்படியே நின்றார்.

இசோகாய் கடைக்குள் திரும்பினார். பூக்கடை நடத்தும் உகாய் அம்மா சட்டென்று முடியை இழுத்துக் காதின் மேல் விட்டுக்கொண்டார். இசோகாய் கிட்டே போய்ப் பார்த்தார். பஞ்சு. அடுத்த நாற்காலியில் கல்லூரி வாத்தியார். அவர் காதிலும் பஞ்சு.

இசோகாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு வாங்கவில்லை. இருந்ததையெல்லாம் இந்தத் தட்டுகளிலும் ஆளுயர ஸ்பீக்கர்களிலும் கொட்டியவர். இந்த அறைதான் அவர் சம்பாத்தியம். அதற்குள்ளேயே உட்கார்ந்து இத்தனை பேரும் தன்னை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருந்த தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினார். இதுவரை அவர் செய்யாத காரியம்.

"எல்லாரும் சேர்ந்துக்கிட்டு என்னைக் கேலி பண்றீங்களா? சட்டத்தை நானே மீறிட்டேன். நீங்களும் பேசலாம், பேசுங்க."

உகாய் அம்மாவின் உதடுகள் அசைந்தன.

"முணுமுணுக்காதீங்கம்மா. வாயைத் திறந்து சொல்லுங்க."

மறுபடி அசைந்தன. வாத்தியார் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். பாட்டு நின்றுவிட்டதே என்று ஓடிவந்த கோமியாவும் வாசலிலிருந்து அவர்களிடம் எதையோ கேட்டார்.

சத்தம் மட்டும் வரவில்லை.

இசோகாய் மேஜையிலிருந்த கரண்டியை எடுத்துப் பீங்கான் தட்டில் ஓங்கித் தட்டினார். எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

உகாய் அம்மா எழுந்து வந்து, அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினார். "கொஞ்சம் கொஞ்சமா நீங்க சத்தத்தை ஏத்திக்கிட்டே வந்தீங்க மாஸ்டர். குறைக்கச் சொன்னா உங்களுக்குப் பாட்டு கேக்காதே. அதான் நாங்க..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உள்ள வந்தா பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?" என்று சிரித்தார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "இதையெல்லாம் கேக்கறதுக்கு எங்களுக்குக் காது குடுத்ததே நீங்கதான். உங்க காது போச்சுன்னு நாங்க எந்த வாயால சொல்றது?"

இசோகாய் எழுந்தார். கோமியாவிடம் போய், அவர் குனிந்ததைவிடத் தாழக் குனிந்தார். நன்றி என்ற வார்த்தை பாதியில் உடைந்தது.

பிறகு முள்ளை மறுபடி வைத்தார். அடுக்கிலிருந்த கோப்பைகள் அதிர்வது நிற்கும்வரை சத்தத்தைக் குறைத்தார்.

"இனிமே இப்படித்தான்," என்றார். "பஞ்சை எடுத்துட்டு நிம்மதியாக் கேளுங்க. நான் உங்க முகத்தைப் பார்த்துக்கறேன், எனக்கு அது போதும்."

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பெட்டியை இசோகாய் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. கோமியா நேராக அதனிடம் போனார். குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினார். கோப்பைகள் கிடுகிடுத்தன. இசோகாயின் காதுக்குச் சாக்ஸபோன் திரும்பி வந்தது.

கோமியா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த பஞ்சை எடுத்து, எல்லோரும் பார்க்கவே காதில் வைத்துக்கொண்டார்.