கோட்டைக் காவலாளி

கணக்கு வாத்தியார் கிளெமென்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"பேகம்பூர்ல வாங்கின கேம் சிடில ராஜா, தளபதின்னு அம்புட்டுப் பேர் இருக்காங்க. இவன் ஏன் அந்த வாசல் காவலாளிகிட்டயே போய் நிக்கிறான்? கேளு."

மனைவி ஜோஸ்பின், கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்த மகன் ரெக்ஸிடம் கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள்.

"சண்டையில தோத்து வந்தா கோட்டைக்குள்ள ஒருத்தனும் மொகம் குடுத்துப் பேச மாட்டானாம். அந்தக் காவலாளி மட்டும், 'தோத்துட்டியா? பரவாயில்ல, உள்ள வா'ம்பானாம்."

"எப்பப் போனாலும் அதே வார்த்தைதானே? அதுல என்ன இருக்குன்னு கேளு."

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை ஜோஸ்பின் முறத்தில் போட்டாள்.

"நீங்களே கேளுங்க. பிளஸ் டூ கணக்குல அவன் பெயிலாகி ஒரு வருஷமாச்சு. முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைகிட்ட இன்னும் எம்புட்டு நாளைக்கு என் வாயாலயே பேசுவீங்க?"

கிளெமென்ட் திரும்பினார். கை நீட்டினால் ரெக்ஸின் தோளைத் தொட்டுவிடலாம். தொண்டையைச் செருமினார். மௌஸின் மேலிருந்த மகனின் விரல் அப்படியே நின்றது.

"ஜோஸ்பின்..." என்றார் கிளெமென்ட். "அவனைச் சாப்பிட வரச் சொல்லு."

ரெக்ஸ் மறுபடியும் காவலாளியிடம் போனான்.