துக்க வீட்டுத் தூக்கம்

பள்ளிக்கூட வேனை ஓரங்கட்டிவிட்டு, பெலிக்ஸ் அந்த நீளச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். கட்சி போஸ்டர், காதுகுத்து போஸ்டர், பூப்புனித நீராட்டு விழா போஸ்டர் எல்லாம் இருந்தன. கண்ணீர் அஞ்சலி மட்டும் ஒன்றுகூட இல்லை. அவன் முகம் வாடிப்போனது.

"இன்னிக்கும் யாரும் சாகலையா?" என்று முணுமுணுத்தான். மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

பெலிக்ஸ் கெட்டவன் இல்லை. தூக்கம் வராதவன், அவ்வளவுதான். பாயில் சாய்ந்ததுமே, இன்றைக்கும் தூக்கம் வராதோ என்ற பயம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அந்தப் பயம் வரப்போகிற தூக்கத்தையும் விரட்டிவிடும். மாத்திரை, பால், ஜெபமாலை எல்லாம் பார்த்தாயிற்று.

ஒருநாள் தெருவில் ஒரு சாவு. பிணத்தைத் தனியே விடக்கூடாது, பக்கத்தில் ஒருவர் கண்விழித்து இருக்கவேண்டும் என்று அவனை உட்காரவைத்தார்கள். எப்படியும் தூங்காத ஆள்தானே. ஆனால் தூங்கவே கூடாத அந்த நாற்காலியில், பல வாரம் கழித்து, பெலிக்ஸ் குறட்டை விட்டுத் தூங்கினான்.

அடுத்த சாவு வீட்டிலும் அப்படியே ஆயிற்று. அதன்பிறகு ஊரில் எங்கே துக்கம் என்றாலும் காவலுக்கு முதல் ஆளாகப் போய் நின்றான். அக்கம்பக்கத்தில் அவனைத் தங்கமான மனுஷன் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும்.

மனைவி மரியசெல்வியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான். அவளும் வீட்டிலேயே முயன்று பார்த்தாள். "இன்னிக்கு நீங்க தூங்கவே கூடாது, ஆமா" என்று மிரட்டினாள்.

"நீ சும்மா சொல்றேன்னு மனசுக்குத் தெரியுதே செல்வி" என்றான் அவன்.

போன வாரம் தாடிக்கொம்பு ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் செருகிவிட்டது. பிள்ளைகள் அலறிய சத்தத்தில் விழித்தபோது, கண்ணாடிக்கு ஒரு முழத்தில் புளியமரம் நின்றது.

"பிள்ளைகளக் கொன்னுருவேன் போலருக்கு செல்வி."

"நாலு நாளு லீவு சொல்லுங்களேன்."

"லீவு போட்டா மட்டும் தூக்கம் வந்துருமா?"

அன்றைக்கு மரியசெல்வி வெகுநேரம் கொல்லையில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் ஊர் எரியோட்டிலிருந்து போன் வந்தது. மரியசெல்வி தலையைக் குனிந்தபடி அவனிடம் வந்தாள்.

"அப்பா போயிட்டாருங்க."

சூசை மாமா. வாரம் தவறாமல் முருங்கைக்காய்க் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற மனிதர். பெலிக்ஸுக்கு அழுகை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இன்றைக்குத் தூங்கலாம் என்ற நினைப்பு. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாமாவின் தோட்டத்து வீட்டில் கூட்டம் இல்லை. மகன் ஜெரோம் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லிக் கோயில் மணி அடித்துக்கொள்ளலாம் என்றாள் மாமியார் ஆரோக்கியம்மாள். கட்டிலில் மாமாவுக்கு வெள்ளை வேட்டி போர்த்தி, முகத்தைத் துண்டால் மூடி, நெஞ்சில் சிலுவை வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது.

பெலிக்ஸ் துண்டை விலக்கக் கை நீட்டினான்.

"மொதல்ல மகன் வந்து பாக்கட்டும் மாப்ள" என்று தடுத்தாள் ஆரோக்கியம்மாள்.

"ஐஸ் பொட்டிக்குச் சொல்லவா அத்தை? நாளைக்கு வரைக்கும் தாங்கணும்ல."

"வேணாம் மாப்ள. அவருக்குக் குளிரு ஆகாது."

பெலிக்ஸ் எடுத்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

பொழுது இறங்கியது. "நாங்க பந்தலுக்குச் சொல்லிட்டு வந்துர்றோம். அவரத் தனியா விட்றாதீங்க. கண்ண மட்டும் அசந்துராதீங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, ஆரோக்கியம்மாள் மகளை அழைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெலிக்ஸ் சுவரோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். காற்றில் மெழுகுவர்த்தி ஆடியது. மாமாவின் நெஞ்சில் இருந்த சிலுவை மெல்ல ஏறி இறங்குவதுபோலத் தெரிந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூக்கமில்லாத கண் இப்படித்தான் எதையாவது காட்டும் என்று தேற்றிக்கொண்டான்.

"மாமா, நான் உங்க சாவுல தூங்க நெனச்ச பாவி" என்றான் தழுதழுத்த குரலில். "மன்னிச்சிருங்க. இன்னிக்கு ஒரு பொட்டுக்கூடக் கண்ண மூட மாட்டேன்."

அதை அவன் மனசாரத்தான் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மரியசெல்வி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பெலிக்ஸின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் உள்ளே வந்து அவனுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

கட்டில் பக்கமிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

"மாப்ள தூங்கிட்டாரா, தாயி?"