மூன்று முறை காட்டியது

அயோவாவின் அக்டோபர் வெயில் சோளக்கொல்லைக்குப் பின்னால் இறங்குகிறது. வெல்டா கோழிக்கூண்டின் கதவில் புதுக் கொக்கி ஒன்றை மாட்டிவிட்டு அதன் முன் மண்டியிட்டிருக்கிறாள். ஒன்பது கோழிகளில் மூன்றை நேற்று ரக்கூன் என்ற, கைபோன்ற முன்கால்கள் உள்ள காட்டுப்பிராணி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஆறும் கம்பின் மேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தொண்டையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. கழற்றிப்போட்ட பழைய கொக்கியின் மேல் ஐந்து விரல்களின் சேற்றுத்தடம், கைக்குழந்தை தொட்டதுபோலக் காய்ந்திருக்கிறது.

"நீ போட்ட கொக்கிய ஒத்த விரல்ல தொறந்திருக்கு, ஓரின்."

"நம்ம மாப்பிள்ளைக்கே அதைத் தொறக்கத் தெரியல," என்கிறான் தீவன வாளியோடு நிற்கும் அவள் கணவன். "அவனுக்கு இது எவ்வளவோ மேல்."

"சிரிக்காத. மூணு வயசுப் பிள்ளையால தொறக்க முடிஞ்சா ரக்கூனாலயும் முடியும்னு கடைக்காரன் சொன்னான். இந்தப் புதுசு அப்படியில்ல. நல்லாப் பாத்துக்கோ. தூக்கணும், அமுக்கணும், திருப்பணும்."

அவனுக்குப் பிடிபடுவதற்காக நிதானமாக மூன்று முறை திறந்து மூடிக் காட்டுகிறாள். மூன்றாவது முறை முடிந்ததும் ஓரினைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் மேப்பிள் மரத்தை அண்ணாந்து பார்க்கிறான். கிளைக்கவட்டில், கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு அந்த ரக்கூன் உட்கார்ந்திருக்கிறது. கோழிகளைப் பார்க்கவில்லை, இவர்கள் முகத்தையும் பார்க்கவில்லை. வெல்டாவின் விரல்களைப் பார்க்கிறது. வயிற்றின் மேல் அதன் இரண்டு கைகளும் மெல்ல அசைகின்றன. தூக்குகின்றன, அமுக்குகின்றன, திருப்புகின்றன. காற்று நின்றுவிட்டது, ஓர் இலைகூட அசையவில்லை. வெல்டா எழுந்து, கதவை முதுகால் மறைத்துக்கொள்கிறாள்.

"உள்ள போய்ப் பூட்டை எடுத்துட்டு வா," என்கிறாள் தணிந்த குரலில். "சாவியச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டா."