சுவருக்குள் எத்தனை பேர்

சுவரில் துளை போட டிரில் அவசரப்பட்டது. ரேடார் பெட்டியோ சுவரோடு ஒட்டிக்கொண்டு, அலைகளை உள்ளே அனுப்பி, சிதறித் திரும்பியவற்றை வைத்து நிதானமாகப் படம் வரைந்தது.

“உள்ளே என்னண்ணே?”

“கம்பி இல்லப்பா. ஏதோ உயிர். ஒண்ணா ரெண்டான்னு தெரியல.”

“ரெண்டுன்னா நடுவுல புகுந்துடுவேன். சீக்கிரம் சொல்லுங்க.”

ரேடார் டிரிலின் காதில் விழாதபடி சுவரிடம் குனிந்தது. “யாரு கண்ணுங்களா? கொஞ்சம் விலகி உட்காருங்க, படம் தெளிவா விழும்.”

“நாங்க அணில் குட்டிங்க. விலக மாட்டோம், தம்பி பயப்படுவான்,” என்றது ஒரு கீச்சுக்குரல்.

ரேடார் அலைகளை நிறுத்தியது.

“என்னண்ணே, ரெண்டுதானே?”

“ஒண்ணுதான். ரொம்பப் பெருசு. நீ அந்தப் பக்கமா தள்ளித் துளை போடு.”